சவப்பெட்டியில் குத்திய பாட்டு

எங்கள் ஊரில் பெரிய வீட்டுச் சாவு என்றால் பெட்டியைக் கறுப்புத் துணியால் மூடி, இறந்தவரைப் பற்றி எழுதிய பாட்டுகளை அதில் குண்டூசியால் குத்துவார்கள். எழுதுவது ஆண்கள்தான். பாதி பாட்டுகளில் செத்தவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜாய்ஸ் ஹாலட் பிரசவத்தில் போய்விட்டாள். என் அண்ணி தாமசின் எழுதியதையெல்லாம் ஆசையாகப் படித்த ஒரே ஆள் அவள். அண்ணி அழவில்லை, உட்கார்ந்து அவளுக்கு ஒரு பாட்டு எழுதினாள்.

பாதிரியார் சாவு வீட்டு வாசலிலேயே மறித்தார். "பொம்பளை எழுதினதைக் குத்தினா ஊரு சிரிக்கும்மா."

என் அண்ணன் ஆம்ப்ரோஸ் நல்லவன். சண்டை என்றால் ஒதுங்கிவிடுவான். "என் பேரைப் போட்டுக் குத்திடலாம் தாமசின். பாட்டு போய்ச் சேரணும், அவ்வளவுதானே?"

"கம்பளி விலையைத் தவிர உனக்கு வேற என்ன எழுத வரும்?" என்றேன்.

அண்ணி அடியில் அவன் பெயரை எழுதிக் குத்தினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜாய்ஸின் கணவர் ஹாலட் அதைப் படித்துவிட்டுத் தேம்பி அழுதார். "ஆம்ப்ரோஸ், இதை உன் பேரோட அவ கல்லறைக் கல்லுல வெட்டிடறேன். காலத்துக்கும் இருக்கட்டும்."

அண்ணன் காதுவரை சிவந்தான்.

குழியருகே துணியை எடுத்ததும் காகிதங்களைக் கழற்றினார்கள். அண்ணி தன்னுடையதை வாங்கி மடித்தாள். எல்லோரும் வழக்கப்படி வாசனையான ரோஸ்மேரித் தழையைக் குழிக்குள் போட்டபோது, அவள் அந்தக் காகிதத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே?" ஹாலட் பதறினார். "கல்தச்சனுக்கு நான் எதைக் குடுப்பேன்?"

"அவளுக்கு எழுதினது. அவகிட்டயே போகட்டும்."

"சரி, எழுதினவனுக்கு மனப்பாடமா இருக்குமே. ஆம்ப்ரோஸ், சொல்லுப்பா."

ஊரே அண்ணனைப் பார்த்தது. அவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது. எழுதினது அவ."

ஹாலட் அண்ணி பக்கம் திரும்பினார். "அப்போ நீ சொல்லும்மா."

அண்ணி முழுப் பாட்டையும் சொன்னாள். ஜாய்ஸுக்குச் சொல்வதுபோலக் கீழே பார்த்துத்தான் சொன்னாள். குழி தோண்டியவர்கள்கூட மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டார்கள். நான் அங்கேயே அழுதேன்.

"கல்லுல யார் பேரு போடட்டும்?" என்றார் ஹாலட்.

பாதிரியார் இருமினார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தாமசின்" என்றாள் அண்ணி.