பவளத்துக்குப் போட்ட மருந்து

கனகராஜ் பவளத்தைக் கீழே போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், அவர் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததுதான். ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் பவளம். சதை புடைத்து நிற்கும் பவளத்தைத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்கக் கூடாது என்பது, கண்ணாடித் தொட்டியில் உயிர்ப் பவளம் வளர்க்கும் இந்தப் பொழுதுபோக்கின் பாலபாடம். போன வாரம்தான் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்கு அந்தப் பாடத்தை நடத்தியிருந்தார். நடத்தியவரும் கனகராஜ்தான்; தூக்கியவரும் அவர்தான்.

டோனட் என்று கடைக்காரர்கள் அழைக்கும் பவளம் அது. சாசர் அகலத்தில், நல்ல சிவப்பில், நடுவில் ஒரு வாயோடு பொதுபொதுவென்று உட்கார்ந்திருக்கும். அந்தச் சதைக்கு அடியில் கத்திபோலச் சுண்ணாம்பு எலும்பு. ஈரக் கையிலிருந்து வழுக்கியது, மேசை விளிம்பில் இடித்து, உப்புத் தண்ணீர் அளக்கும் கண்ணாடிக் குடுவையையும் கூட்டிக்கொண்டு தரையில் விழுந்தது. குடுவை நொறுங்கியது. பவளத்தின் ஓரச் சதை எலும்பில் மாட்டிக் கிழிந்தது.

"அலாமாக்! சரளா, ஓடி வா!"

அவர் மனைவி சமையலறையிலிருந்து வெறுங்காலோடு ஓடிவந்தார்.

"பாத்து, பாத்து! மிதிச்சிடாத!"

அவர் சொன்னது பவளத்தை. சரளா அதற்குள் கண்ணாடியை மிதித்துவிட்டிருந்தார். இருந்தாலும் குனிந்து, பவளத்தை இரண்டு கையாலும் ஏந்தித் தொட்டிக்குள் விட்டுவிட்டுத்தான் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"கண்ணாடி குத்திருச்சுங்க."

"நல்ல வேளை லா, பவளத்துல குத்தல" என்றார் கனகராஜ். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

அவர் அப்படிப்பட்ட ஆள். ஈப்போ ஜெலாப்பாங்கில் அவர் வேலை செய்யும் தொழிற்சாலையில், அவர் பக்கத்து நாற்காலிக்காகச் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. சாவு வீட்டில்கூட அவரைச் சுற்றி நாலு பேர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். சரளாவும் சிரித்துவிட்டார். பிறகு தரையைத் துடைத்தார். கண்ணாடி, உப்புத் தண்ணீர், ரத்தம் எல்லாவற்றையும்.

அன்று மாலையே சிகிச்சை தொடங்கியது. பவளத்துக்கு.

ஒரு நீலப் பேசினில் தொட்டித் தண்ணீர். அதில் பழுப்பு நிற அயோடின் மருந்து சில சொட்டுகள். பவளத்தை அதில் சரியாகப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து எடுக்க வேண்டும். நாள் விட்டு நாள் அதைச் செய்தார். செய்து முடித்ததும் காயத்தைப் படம் எடுத்து, கமுந்திங்கில் இருக்கும் சிநேகிதன் சன்னாசிக்கு அனுப்பினார்.

"மச்சான், ஓரத்துல வெள்ளையா எலும்பு தெரியுது பாரு. நேத்து அவ்ளோ தெரியல. தினம் பாக்கணும் நீ" என்பார் சன்னாசி.

"கண்ண எடுக்கறதே இல்ல மச்சான்."

அது உண்மை. தினமும் தொட்டிக்கு முன்னால் முட்டி போட்டுக் குனிந்து, டார்ச் அடித்து, சதை அரை நூல் பின்வாங்கினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

பிறகு சாப்பாடு. சதைப் பவளத்துக்கு ஊட்டுவது சாமி கும்பிடுவது மாதிரி. முதலில் அலையடிக்கும் பம்பை நிறுத்த வேண்டும். உறையவைத்த பொடி இறாலைக் கரைத்து, நீளக் குழாயில் உறிஞ்சி, வாய்ப்பக்கம் ஒவ்வொன்றாக விட வேண்டும். மீன் வந்து பிடுங்காமல் இருக்க, வெட்டிய தண்ணீர்ப் போத்தலைக் கூடாரம்போலக் கவிழ்க்க வேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். பவளம் மெதுவாக விரல் நீட்டும், மெதுவாக விழுங்கும். பம்பு நின்றிருக்கும் அந்த நேரத்தில் வீட்டில் யாரும் நடக்கக் கூடாது, பேசக் கூடாது என்பது கனகராஜ் போட்ட சட்டம். பவளத்துக்குக் காது கிடையாது என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் சட்டம் சட்டம்தானே?

ஒரு மாலை, பம்பு நின்றிருந்தபோது சரளா பின்னால் வந்து நின்றார்.

"ஏங்க, அந்தக் காலு..."

கனகராஜ் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினார். விரல் கீழே இறங்கியபோது சரளா அங்கே இல்லை. என்ன சொல்ல வந்தாள் என்று அப்புறம் கேட்கலாம் என நினைத்தார். அப்புறம், பவளம் அன்று ஏழு இறால் விழுங்கியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மறந்துபோனார்.

இரண்டாவது வாரம் ஒரு சந்தேகம் வந்தது. மருந்துப் போத்தல் கணக்குக்கு மீறிக் குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். மகள் பிரமிளா கோலாலம்பூரில்.

"சரளா, நம்ம வீட்டு எலி அயோடின் குடிக்குது போல. குடிச்சிட்டு வயிறு எரியுதுன்னு எங்கிட்ட வரட்டும், பாத்துக்கிறேன்."

சரளா பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தார். கனகராஜ் போத்தலில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார். அதற்கப்புறம் அவர் எடுத்த சொட்டுகளுக்கு மேல் மருந்து இறங்கவே இல்லை. எலி பயந்துவிட்டது என்று குழுவில் எழுதினார். நாற்பது பேர் சிரித்தார்கள்.

அதே வாரம் சரளா வீட்டுக்குள் காலுறை போட ஆரம்பித்தார்.

"என்ன, ஈப்போவுக்குக் கேமரன் மலைக் குளிரு எறங்கி வந்துருச்சா?"

"காலு சில்லுன்னு இருக்குங்க."

வெளியே தார்ச்சாலை உருகிக்கொண்டிருந்தது. கனகராஜ் அதையும் ஒரு சிரிப்பாக்கிவிட்டு வேலைக்குப் போனார்.

மூன்றாவது வாரம் வீட்டில் ஒரு நாற்றம்.

பவளம் செத்தால் எப்படி நாறும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். கனகராஜ் தொட்டிக்கு ஓடினார். டோனட்டை முகர்ந்தார், அது நன்றாகத்தான் இருந்தது, கிழிந்த இடத்தில் புதுச் சதைகூட வந்திருந்தது. மற்ற பவளங்களை முகர்ந்தார். பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். தண்ணீரைப் பாதி மாற்றினார்.

"நாத்தத்த வாட்ஸ்அப்புல அனுப்ப முடியாது மச்சான். எங்கிருந்து வருதுன்னு நீயேதான் கண்டுபிடிக்கணும்" என்றார் சன்னாசி.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் மின்சாரம் போய், எல்லாரையும் மத்தியானம் இரண்டு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். கனகராஜ் வீட்டுக்குள் நுழைந்தார். நாற்றம் குளியலறைப் பக்கம் கூடுதலாக இருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே முக்காலியில் சரளா உட்கார்ந்திருந்தார். முன்னால் பவளத்தை ஊறவைக்கும் அதே நீலப் பேசின். அதில் பழுப்பு நிறத் தண்ணீர். பக்கத்தில் கைப்பேசியில் நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏய், பவளத்துப் பேசின்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார்.

தண்ணீருக்குள் இருந்த காலின் சுண்டுவிரல் கறுத்திருந்தது. பக்கத்து விரலும் பாதி கறுப்பு. பாதத்தின் ஓரம் வீங்கிப் பிளந்து, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அந்த வெள்ளை என்ன என்று கனகராஜுக்குத் தெரியும். இருபது நாளாக அவர் டார்ச் அடித்துத் தேடியது அதைத்தான்.

சரளா நிமிர்ந்து பார்த்தார். "வந்துட்டீங்களா? இன்னும் ஆறு நிமிஷம் இருக்குங்க."

கனகராஜ் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் பிரதீபாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. காலைப் பார்த்தார், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். ரத்தச் சர்க்கரை இருபத்துநாலு காட்டியது; எட்டைத் தாண்டக் கூடாத அளவு.

"ஆன்ட்டி, இது வலிக்கலையா?"

"இல்ல டாக்டர். வலி இல்லன்னுதான் ஆறிருச்சுன்னு நெனச்சேன்."

"வலிக்காததுதான் ஆன்ட்டி ஆபத்து. இனிப்புநீர் வியாதிய ரொம்ப வருஷம் கவனிக்காம இருந்தா, கால் நரம்பு மரத்துப் போயிரும். கண்ணாடி குத்தினாலும் லேசா முள்ளு குத்தின மாதிரிதான் இருக்கும்." கனகராஜ் பக்கம் திரும்பினார். "அங்கிள், இவங்களுக்கு எத்தனை வருஷமா இனிப்புநீர்?"

கனகராஜ் சரளாவைப் பார்த்தார். தொட்டித் தண்ணீரில் உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாது.

"பிரமிளா வயித்துல இருந்தப்ப இருக்குன்னாங்க" என்றார் சரளா. "புள்ள பொறந்ததும் போயிரும்னு சொன்னாங்க. அப்புறம் யாரும் பாக்கல."

"இருபது வருஷத்துக்கு மேல இருக்குமா?"

"இருபத்துநாலு."

"அப்ப இருந்தவங்களுக்குப் பின்னாடி திரும்ப வரலாம் ஆன்ட்டி. வருஷா வருஷம் கிளினிக்குல பாக்கணும். அடிபட்டது என்னைக்கு?"

இதற்குக் கனகராஜிடம் பதில் இருந்தது. கைப்பேசியை எடுத்தார். பவளத்தின் காயம் மட்டும் நாற்பத்துமூன்று படம். அவற்றைத் தள்ளித் தள்ளி அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவுக்குப் போனார். தேதியைச் சொன்னார். சரளாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கனகராஜ் நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தார்.

இருபது தடவையாவது பார்த்த வீடியோதான். பவளம் எப்படி விழுந்தது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். அவர் கையிலிருந்து நழுவிய கைப்பேசி தரையில் சாய்ந்து கிடந்தும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அவர் பார்த்தது படத்தின் மூலையை. அங்கே ஒரு கால். அதன் அடியிலிருந்து ரத்தம் மொசைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது. 'கண்ணாடி குத்திருச்சுங்க' என்று தெளிவாக ஒரு குரல். அப்புறம் அவருடைய சிரிப்பு. இந்த வீடியோவைக் குழுவில் போட்டிருந்தார். இருநூறு பேரில் ஒருவர்கூட அந்தக் காலைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்களைச் சொல்லி என்ன செய்ய? காலுக்குச் சொந்தக்காரியோடு ஒரே வீட்டில் இருக்கிறவனே கேட்கவில்லை.

சிரிப்பு முடியும் இடம்வரை இன்னொரு தடவை பார்த்தார். தன் சிரிப்பு இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

மறுநாள் இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்கும் என்றார் டாக்டர்.

கனகராஜ் தினமும் பார்வையாளர் நேரத்துக்கு முன்னாலேயே வந்து வார்டு வாசலில் நின்றார். முதல் நாள், "செருப்பு வெல கொறைச்சுக் கேக்கலாம் லா இனிமே" என்று சொல்லிப் பார்த்தார். சரளா சிரிக்கவில்லை. அவராலும் சிரிக்க முடியவில்லை.

"ஏன் சரளா எங்கிட்ட சொல்லல?"

"ஒன்னுமில்லங்க. விடுங்க."

இரண்டாம் நாளும் கேட்டார். "சும்மா லா, சின்னக் காயந்தானேன்னு" என்றார் சரளா. மூன்றாம் நாள், "பிரமிளா போன் பண்ணுச்சா?" என்று பேச்சை மாற்றினார். நான்காம் நாள் சாயங்காலம் சரளாவே கேட்டார்.

"டோனட்டு எப்படி இருக்கு?"

"அது நல்லா இருக்கு. சதை முழுசா மூடிருச்சு." கனகராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "நல்ல மருந்து அது. ஒனக்குத்தான்..."

"அதுக்குப் பாதி நாள் மருந்தே போடலங்க."

கனகராஜ் நிமிர்ந்தார்.

"நீங்க கோடு போட்ட அன்னையிலேர்ந்து அந்தப் போத்தல்ல இருந்தது காப்பி-ஓ, பாலில்லாத வெறுங்காப்பி. மருந்து பூரா நான் ஊத்தி வச்சுக்கிட்டேன். எங்க தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எல்லாக் காயத்துக்கும் அந்தப் பழுப்பு மருந்துதான் போடுவாரு. உங்க பவளமும் அதுலதான தேறுதுன்னு நெனச்சேன்."

"காப்பி-ஓ-வா?" அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "மருந்து கொறையுதுன்னு சொன்னேனே, சரளா. எங்கிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

சரளா கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். இந்தத் தடவை 'ஒன்னுமில்ல' வரவில்லை.

"சொன்னேங்க. மொத நாளு சொன்னேன், சிரிச்சீங்க. பம்பு நின்னப்ப சொல்ல வந்தேன், வெரலத் தூக்கினீங்க. காலுறை போட்டப்ப கேலி பண்ணீங்க. நாலாவது தடவ எனக்கே சலிச்சுப்போச்சு. என் மேலயும் தப்பு இருக்கு. ஒடம்பு எனக்குத்தான, நானே பஸ் ஏறி கிளினிக்குக்குப் போயிருக்கணும். ஆனா ஒன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. மருந்து போட்ட எனக்கு ஆறல. காப்பித் தண்ணில கெடந்த அது தேறிருச்சு. ஏன்னா அத நீங்க தெனம் குனிஞ்சு பாத்தீங்க. என் காலயும் ஒரு நாள் குனிஞ்சு பாத்திருந்தா, அன்னைக்கே இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பீங்க. வீட்டுல இருக்குறவ ஒன்னுமில்லன்னு சொன்னா, ஒன்னுமில்லன்னு அர்த்தம் இல்லங்க. குனிஞ்சு பாக்கணும்."