வெறுங்கட்டிலின் காவல்

கற்றறிந்தீர், ஒரு கோட்டையைக் காண வாருங்கள். மழைமுகில்கள் மதிலின் தலைமேல் வந்து குந்தியிருக்கும் நண்பகல். தீயில் கருகிய வாயிலுக்குத் தச்சர் புதுமரம் இழைக்க, சரிந்த மதிற்கற்களை வென்ற படையினரும் தோற்ற படையினரும் தோளோடு தோள் சேர்த்துச் சுமக்க, ஆயினும் ஒருவர் முகத்தை ஒருவர் மறந்தும் பாராதிருக்க, போர் ஓய்ந்தும் பகை ஓயாத ஊர் அது. அவ்வூர் அரண்மனையில், வேந்தன் பகலுறக்கம் கொள்ளும் அறையின் வாயிலில், உருவிய வாளோடு ஒருவன் நின்றான். சென்ற கோடைவரை அவ்வேந்தனை எதிர்த்துப் பொருத படையின் தலைவன் அவன்.

வென்ற அன்றே வேந்தன் அவன் கட்டுகளை அறுத்து, அவனுடைய வாளை அவன் கையிலேயே கொடுத்து, "இனி நான் தூங்குறப்ப என் உயிர் உன் கையில" என்றான். தலை போகும் என்று காத்திருந்தவனுக்கு வேந்தனின் உயிர்க்காவலே கிடைத்தால் நெஞ்சு உருகாதா? உருகித்தான் போயிற்று. அன்று முதல், கதவுக்கு அப்பால் உறங்குபவன் விழித்துவிடக் கூடாதென்று வந்த இருமலையும் விழுங்கிக்கொண்டு, மாடத்தில் வந்தமர்ந்து குனுகும் புறாவையும் ஓசைபடாமல் விரட்டிக்கொண்டு, அவன் அங்கே நின்றான். பணிய மறுத்து மலைக்காட்டில் பதுங்கியிருந்த தன் தங்கை கணவனுக்கும் அவன் கூட்டத்தாருக்கும், "பகையாளியை வாசல்ல நிறுத்திட்டுக் கண்ணை மூடுற ஆளு நம்மளக் கொல்லமாட்டாரு, நம்பி வாங்க" என்று ஆள்மேல் ஆள் அனுப்பினான். மழைமுகில் சூழ்ந்த அந்நாளின் மாலையில் வருவதாக அவர்களும் இசைந்திருந்தார்கள்.

மழை பிடித்தது. உள்ளறைச் சாளரத்தின் கதவு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. ஐயோ, விழித்துவிடுவாரே என்று பதறியவன், உள்ளே யாரும் நுழையலாகாதென்ற கட்டளையையும் மறந்து, நுனிக்காலில் நடந்து சென்று சாளரத்தைச் சாத்தினான். பிறகுதான் கட்டிலைப் பார்த்தான். விரிப்பில் ஒரு சுருக்கமில்லை. தலையணையில் விரல் வைத்தால் தடம் விழும் அளவுக்குப் புழுதி. அப்பால் இருந்த சிறு கதவு திறந்தது. தன் பழைய காவலர் இருவர் பின்வர, தலையில் மழைநீர் சொட்ட, வேந்தன் வந்தான். முன்வாயில் வழியே கொட்டாவி விட்டபடி வெளிப்படுவது அவன் நாள்தோறும் ஆடிய கூத்து.

"இத்தனை நாளும் நீங்க இங்க தூங்கவே இல்லையா?"

"உன்னை நம்பித் தூங்க எனக்கென்ன கிறுக்கா?" என்றான் வேந்தன், வெட்கமும் சினமும் இன்றி. "நான் தூங்குறதா ஊர் நம்புனாப் போதும். பொழுது சாய உன் மச்சான் வர்றான்ல, போய்க் கூட்டிட்டு வா."

மாலையில் கோட்டை வாயிலின்முன் வந்து நின்றவர்களில், புண்பட்ட காலை இழுத்து வந்தவர்களும், காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டிருந்த அவன் தங்கையும் இருந்தார்கள். மதில்மேல் வில்லாளர் நாண் ஏற்றியிருந்தனர். அவர்கள் நடுவே வேந்தன்.

வாளைக் கீழே வைக்காமலே தங்கை கணவன் கேட்டான். "மச்சான், உண்மையிலேயே அவர் உன் காவல்லதான் தூங்குறாரா?"

காவல் நின்றவன் மதிலைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். மெய்யைச் சொன்னால் அவர்கள் திரும்புவார்கள். திரும்பினால் அம்பு பாயும்.

"ஆமா," என்றான். "அசந்து தூங்குறாரு."

வாள்கள் ஒவ்வொன்றாய்ச் சேற்றில் விழுந்தன. வேந்தன் இறங்கி வந்து அவன் தோளில் கைவைத்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "இன்னைக்குத்தான் எனக்கு உன்மேல நம்பிக்கை வந்துச்சு. இந்தப் பொய்யைச் சொன்னப்புறம் அவங்ககிட்ட உனக்கு இடமில்ல. இனி நீ என் ஆளு" என்றான்.

மறுநாள் நண்பகலில் வேந்தன் தன் பழைய காவலரை அனுப்பிவிட்டு, பின்கதவைத் தாழிட்டு, அக்கட்டிலில் சாய்ந்தான். சற்றைக்கெல்லாம் குறட்டை ஒலி எழுந்தது. பகைவரை ஆளத் தெரிந்தவன் என்று அவனைப் பின்வந்தோர் புகழ்ந்தார்கள், புகழட்டும். வஞ்சமறியாது நின்ற நெஞ்சுக்கு வெறுங்கட்டிலைக் காவல் தந்தவன், அந்நெஞ்சைக் கெடுத்த பின்னர் அதனிடம் தன் கழுத்தைத் தந்தான். மாடத்தில் புறா வந்தமர்ந்து குனுகியது. வாயிலில் நின்றவன் அதை விரட்டவில்லை. கட்டைவிரலால் வாளின் கூரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.