கைக்குள் பன்றி

“நீ பொறந்தது எந்த மிருகத்தோட வருஷம்?” என்று தெங் காய் ஒருநாள் அப்பாவின் ஜேட் கல் கடையில் என்னைக் கேட்டான்.

“மாடு.”

“உங்கக்கா?”

“பன்றி.”

அவ்வளவுதான் பேச்சு. அதற்கே குளிர்காலம் முழுக்க ஒரு ஜேட் மாட்டுக்காகக் காத்திருந்தேன். வசந்தத்தில் வந்தது பன்றி. அவனுக்கும் அக்கா ரூய்ஹுவாவுக்கும் நடந்த நிச்சயதார்த்த விருந்தில், சிவப்புத் துணியில் சுற்றி.

“ரொம்பப் பழசு. பழைய சாமான் சந்தையில பாத்ததும் விடல,” என்றான் தெங் காய்.

விரல் நீளம். தட்டை வயிறு. நாலைந்து கோட்டிலேயே காதும் காலும். இப்படிப்பட்டது வந்தால் அப்பா தனிப் பெட்டியில் பூட்டுவார். நகையாகப் போட்டுக்கொள்ளக் கேட்பவர்களுக்கு விற்க மாட்டார். இறந்தவர் வெறுங்கையோடு போகக் கூடாதென்று கைக்குள் வைத்துப் புதைத்த பன்றி அது.

“இந்தா, தொட்டுப் பாரு,” என்று அக்கா நீட்டினாள். நான் கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

“பாருங்க, வயிறெரியுது இவளுக்கு. கவலப்படாதடி, உனக்கும் ஒரு மாடு வரும், வண்டியோட சேத்து.”

எல்லோரும் சிரித்தார்கள். தெங் காயும் சிரித்தான்.

“அது செத்தவங்க கையில வைக்கிறது,” என்றேன்.

“பொறாமையில வாய்க்கு வந்ததப் பேசாத,” என்றாள் அக்கா.

“மாமா, நீங்க சொல்லுங்க,” என்றான் அவன்.

அப்பா பன்றியை வாங்கி மல்லாத்திப் பார்த்தார். நல்ல சம்பந்தம், அதைக் கெடுக்க அவருக்கு மனமில்லை. “நல்ல கல்லு,” என்றார். அக்கா உள்ளங்கையை நீட்டினாள். அவரோ அதில் வைக்காமல் மீன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். தெங் காயின் முகம் வெளுத்தது.

அக்கா பன்றியை எடுத்து விரல்களை இறுக மூடினாள். “எதுவா இருந்தா என்ன? எனக்காக வாங்கினது. எனக்குப் புடிச்சிருக்கு.”

“குடு, ரூய்ஹுவா. உனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது.”

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். அத்தனை பேர் நடுவில், அவசரமே இல்லாமல். அந்தக் கை என்னுடையதாக இருந்திருந்தால் நானும் இறுக மூடியிருப்பேன், அது என்னவென்று தெரிந்தே.

“சாயங்காலத்துக்குள்ள வேற கொண்டாறேன்,” என்று அவளிடம் சொன்னான். பன்றியைத் துணியில் சுற்றினான். வாசலுக்கு என் நாற்காலியைக் கடந்துதான் போக வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். துணி முடிச்சைப் பார்த்தபடியே கடந்து போய்விட்டான்.