நாற்பத்து மூன்றாவது கோட்டு

கட்டிலோர நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்துக் கதவு ஆணியில் மாட்டிவிட்டுக் கார்லீன் உட்காரப் போனாள். போர்வைக்குள்ளிருந்து அப்பாவின் கை வெளியே வந்து ஆடியது.

"அங்க ஆள் இருக்கு."

"யாரும் இல்லப்பா. கோட்டுதான் கிடந்துச்சு."

"ஆள் இருக்குன்னு சொல்றேன்ல."

நாக்கடியில் விட்ட மருந்து அப்படிப் பேச வைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வாதாடும் நேரமா இது? கோட்டை மறுபடியும் நாற்காலியில் போட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் ஒண்டிக்கொண்டாள். கருநீலக் கோட்டு, கல்லூரி நாட்களில் அவள் போட்டது. கோழிக்குத் தீனி வைக்கப் போகும்போது அம்மா மாட்டிக்கொள்கிறாள் போலிருக்கிறது.

அப்பாவின் ஆள்காட்டி விரல் போர்வையின் மேல் தட்டிக்கொண்டே இருந்தது. ஐந்து தட்டு, சின்ன நிறுத்தம், மறுபடி ஐந்து. அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். அப்பா லமார் சோரன்சன் நாற்பத்தோரு வருடமாக அந்தப் பள்ளத்தாக்கின் மார்மன் சபைக்கு எழுத்தர். ஞாயிறு தவறாமல், ரொட்டியும் தண்ணீரும் கைமாறி முடிந்ததும், கடைசி வரிசையில் தன் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று தலைகளை எண்ணுவார். பிழைப்புக்கு நில அளவை. அரை அடி வேலிக்காக ஒரு முறை சொந்த மைத்துனன் பேச்சையே இழந்தவர். அளவு அளவுதான், மைத்துனன் மைத்துனன்தான் என்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டார்.

"முன்கூடத்தைப் பார்த்தியா?" என்றார் கண் திறக்காமல்.

அது அவளுடைய பழைய உத்தியோகம். ஏழு வயதிலிருந்து பதினான்கு வரை, அவர் உள்ளே எண்ணும்போது அவள் வெளியே முன்கூடத்தை எண்ணி வந்து காதில் சொல்ல வேண்டும். அதற்குச் சட்டங்கள் உண்டு. அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போன தாய் கணக்கில் உண்டு. கன்று போடும் மாட்டைப் பார்க்க நழுவியவனும் உண்டு. பெஞ்சில் ஆள் இல்லாமல் கோட்டு மட்டும் இருந்தால் அதுவும் ஒன்று. கோட்டை விட்டுவிட்டு யார் போவார்கள்? திரும்பி வருவார்கள்.

"பார்த்துட்டேன்பா."

"எத்தனை?"

"ஒம்பது," என்றாள் வாய்க்கு வந்ததை.

விரல் நின்றது. மூன்றே காலுக்கு மூச்சும் நின்றது. அம்மா மார்வா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடினாள். பதினோரு வருடமாகக் கேட்க நினைத்த ஒன்றைக் கேட்காமலே விட்டுவிட்டோம் என்று கார்லீனுக்கு அப்போதுதான் உறைத்தது. அதன்பிறகு வீட்டில் எங்கே நின்றாலும் ஐந்து தட்டு, ஒரு நிறுத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கேட்க நினைத்தது இதுதான். பதினோரு வருடத்துக்கு முன், என் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று தலைமையகத்துக்கு அவள் எழுதினாள். அங்கிருந்து அது பிஷப்புக்குப் போகும், பிஷப் எழுத்தரிடம் கொடுப்பார் என்பது தெரிந்தேதான் எழுதினாள். மூன்று வாரத்தில் தாள் திரும்பி வந்தது. கீழே அப்பாவின் அளவெடுத்த கையெழுத்து. தபால் கிடைத்த அன்றைக்கே போட்ட தேதி. கூட ஒரு வரி இல்லை. அதற்குப் பிறகு தொலைபேசியில் தக்காளி விளைச்சலைப் பற்றிப் பேசினார், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். குடும்பம் மரணத்துக்கு அப்பாலும் சேர்ந்தே இருக்கும் என்று நம்புகிற மனிதர், அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு பெண்ணின் பெயரைத் தன் கையாலேயே அடித்தபோது என்ன நினைத்தார்? நம்பிக்கை போனதுகூட அவளுக்கு வலிக்கவில்லை. இது வலித்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சவப்பெட்டி வைக்கும் இடத்தைப் பார்க்கச் சபைக் கோயிலுக்குப் போனாள். போர்ட்லாண்டிலிருந்து அவசரத்தில் கிளம்பியவள், ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டு நின்றாள். பிஷப் ட்ரென்ட் ஆல்ரெட் கதவைத் திறந்துவிட்டான். இந்தச் சபையில் பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது, ஊர்க்காரர்களில் ஒருவரே பிஷப்; இவன் வான்கோழிப் பண்ணைக்காரன், முப்பத்தாறு வயது. அவனுக்கு மூன்று வயதாக இருந்தபோது அவன் மூக்கைத் துடைத்துவிட்டவள் கார்லீன்.

"சிஸ்டர்... இல்ல, இப்ப எப்படிக் கூப்பிடணும்னு தெரியல."

"கார்லீன்னே கூப்பிடு. நான் உன்னைப் பிஷப்னு கூப்பிடப்போறதில்லை, பயப்படாதே."

அவன் சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை. "ஒரு விஷயம். வேற யார்கிட்டயும் கேக்க முடியாது. உங்க அப்பா படுத்ததுக்கு அப்புறம் நான்தான் எண்றேன். அவரு மேலிடத்துக்கு அனுப்பிட்டிருந்த எண்ணிக்கை நூத்தி நாலு. நான் எண்ணினா, உங்க அப்பா அம்மாவையும் சேர்த்துக்கிட்டே, அறுபத்தொண்ணுதான் வருது."

"நீ சரியா எண்ணிருக்க மாட்டே."

"அஞ்சு வாரமா எண்றேன். வான்கோழியை எண்ணிப் பழகினவன் நான். அதுங்க ஓடும். இவங்க அசையக்கூட மாட்டேங்கிறாங்க."

எண்பதுக்குக் கீழே போனால் பன்னிரண்டு மைல் தள்ளியுள்ள சபையோடு சேர்த்துவிட்டு இந்தக் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை சரியான எண்ணிக்கையை அனுப்பியாக வேண்டும்.

"எங்கப்பா பொய் எழுத மாட்டார், ட்ரென்ட்."

"அதான் எனக்கும் தூக்கம் போச்சு."

வெளியே போகும் வழியில் முன்கூட விளக்கைப் போட்டான். சுவரோரம் நீளக் கம்பியில் கோட்டுகள் நெருக்கியடித்துத் தொங்கின. உள்ளே ஒரு ஆள் இல்லை. அவள் நின்றுவிட்டாள்.

"இதெல்லாம் யாருது?"

"மறந்து விட்டுட்டுப் போனது. வெயில் காலத்துலயும் தொங்கும். தூக்கிப் போடலாம்னு ரெண்டு தடவை சொன்னேன். வரட்டும், இருக்கட்டும்னாரு உங்க அப்பா."

அவள் முதல் கோட்டின் கழுத்துப் பட்டையைத் திருப்பினாள். உள்ளே ஊசி குத்திய சின்னத் தாள். பென்சிலில், அந்த அளவெடுத்த எழுத்தில்: டெல்பா ஓட்டசன். அடுத்தது, ரீட் ஓட்டசன். டெல்பா இறந்து ஆறு வருடம். ரீட் ஐடஹோவில் மகன் வீட்டில். அதற்கடுத்தது பிஷப்பின் சொந்தத் தம்பி கேடன், கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் பக்கமே வராதவன். ட்ரென்ட் அந்தக் கோட்டின் கையைப் பிடித்தபடி நின்றான்.

"இதை எங்கம்மாகிட்ட வந்து கேட்டாரு," என்றான். "பழைய கோட்டு இருந்தா குடுங்கன்னு. ஏழைங்களுக்குன்னு நினைச்சுக் குடுத்தோம்."

கார்லீனுக்குப் புரிந்துவிட்டது. கோட்டு இருந்தால் ஆள் உண்டு. ஆள் வருவதை நிறுத்த நிறுத்த, வீடு வீடாகப் போய்க் கோட்டை வாங்கி வந்து மாட்டியிருக்கிறார் மனிதர். பொய் எழுதக் கை வரவில்லை. அதனால் சட்டப்படி எழுதியிருக்கிறார். சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. ஞாயிறுதோறும், உள்ளே பாட்டு நடக்கும்போது, எண்பது வயதுக் கிழவர் தனியாக இங்கே வந்து இந்தக் கைகளையும் காலர்களையும் பார்த்து விரல் நீட்டி எண்ணியிருப்பார்.

"எண்ணு," என்றாள்.

இரண்டு பேரும் எண்ணினார்கள். நாற்பத்திரண்டு.

"அறுபத்தொண்ணும் நாப்பத்திரண்டும் நூத்தி மூணு," என்றான் ட்ரென்ட். "ஒண்ணு குறையுது. அவரு தப்பா எண்ண மாட்டாரே."

அவள் மறுபடியும் முதலிலிருந்து ஒவ்வொரு காலராகத் திருப்பினாள். யாருடைய பெயரைத் தேடுகிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவள் பெயர் இல்லை. தேடினோமே என்று வெட்கமாக இருந்தது.

ட்ரென்ட் முன்கூடத்து சோபாவில் உட்கார்ந்துவிட்டான். "ஒண்ணு சொல்லட்டுமா? வந்து உக்கார்றவங்கள்லயும் பாதிப் பேர் கோட்டுதான். பாடுறாங்க, உதடு மட்டும் அசையுது. சாட்சி சொல்ல யாராச்சும் எழுந்திருங்கன்னா கடிகாரத்தைப் பார்க்கிறாங்க. நானும் அப்படித்தான். முட்டி போடறேன், கேக்கறேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம். வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது." பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீங்க பரவாயில்ல. கோட்டை எடுத்துக்கிட்டே போயிட்டீங்க."

அவள் வாசல் பக்கம் நடந்தாள். விளக்கை அணைத்தபோது கம்பியில் மாட்டிகள் லேசாக இடித்துக்கொண்டன. கதவு மூடிய காற்றாகத்தான் இருக்கும். இரண்டு பேருமே திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தார்கள்.

வீட்டில் அம்மா, அடக்கத்துக்கு அப்பாவுக்கு உடுத்தும் வெள்ளை உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் அவற்றைப் போட்டுவிட ஆறு பேர் வருவது வழக்கம். இரண்டு பேர்தான் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், அதில் ஒருவருக்குக் கை நடுக்கம்.

"அந்தக் கோட்டெல்லாம் உனக்குத் தெரியுமாம்மா?"

"பொத்தான் அறுந்ததையெல்லாம் தைச்சுக் குடுத்தவ யாருன்னு நினைக்கிறே?"

"நாப்பத்திரண்டு இருக்கு. அப்பா கணக்குக்கு ஒண்ணு குறையுது."

இஸ்திரிப் பெட்டியை அம்மா நிமிர்த்தி வைத்தாள். அதிலிருந்து ஆவி உஸ்ஸென்று கிளம்பி அடங்கியது. "உன்னுதை அங்க மாட்ட மாட்டேன்னுட்டாரு. வாரா வாரம் கையில மடிச்சு எடுத்துக்கிட்டு வருவாரு. ரெண்டாவது பெஞ்சில, எனக்கும் சுவருக்கும் நடுவுல போடுவாரு. முடிஞ்சதும் எடுத்துட்டு வருவாரு. படுத்ததுக்கப்புறம் கண்ணு முன்னால இருக்கணும்னாரு. நாற்காலியில போட்டு வெச்சேன்."

"என் பேரை அவரேதானேம்மா அடிச்சாரு."

"அடிச்சாரு. நீ கேட்டே, அடிச்சாரு. அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. மறுநாள் ஞாயித்துக்கிழமை. கோட்டைத் தேடி எடுத்தாரு." அம்மா மறுபடியும் தேய்க்கத் தொடங்கினாள். "சில வாரம் அதைக் காட்டி, 'என்னங்க, மூக்கு ஒழுகுது அவளுக்கு, துடைங்க'ன்னு நான்கூடக் கிண்டல் பண்ணுவேன். சிரிக்க மாட்டாரு. பைக்குள்ள கைக்குட்டை இருக்கான்னு பார்ப்பாரு."

கார்லீன் உள்ளறைக்குப் போனாள். நோயாளிக் கட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் தரையைப் பார்த்தபடி நாற்காலி மட்டும் நின்றது. கோட்டு அதன்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஆள் இருக்கு என்று சொன்னாரே. எதிரில் நின்றவளை விட்டுவிட்டு, அது கிடந்த இடத்தைக் காட்டித்தானே சொன்னார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு, வாயைப் பொத்தி, நெடுநேரம் அழுதாள்.

சனிக்கிழமை அடக்கத்துக்கு நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். சாவுக்கு மட்டும் எல்லோரும் வருகிறார்கள் என்று அம்மா முணுமுணுத்தாள். கல்லறை மேட்டில் கிடுகிடுவென்று ஆடவைக்கும் காற்று. குழியை அர்ப்பணிக்கும் ஜெபத்தை ட்ரென்ட் சொன்னான். இரண்டு இடத்தில் நிறுத்தினான். துக்கத்தால் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். கண்ணை மூடாமல் நின்ற கார்லீனும் கண்ணைத் திறந்த அவனும் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள்.

பந்தி முடிந்தது. பன்றித் தொடையும் பாலாடைக்கட்டி உருளைக்கிழங்கும் இருந்த தட்டுகளைப் பெண்கள் அள்ளிக்கொண்டிருந்தபோது, முன்கூடத்தில் ட்ரென்ட் கோட்டுகளைக் கழற்றிக் கறுப்புப் பைகளில் போட ஆரம்பித்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. ஒருத்தி ஒரு பழுப்புக் கோட்டைப் பையிலிருந்து திரும்ப எடுத்து, காலரை மோந்து பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்தாள். தம்பியின் கோட்டை மட்டும் ட்ரென்ட் தன் சட்டைமேல் போட்டுக்கொண்டான். தோள் பிடித்தது.

அம்மா கருநீலக் கோட்டோடு வந்தாள். "கிளம்பறியா? வெறும் ஸ்வெட்டரோட மலையைத் தாண்டப் போறியா? இந்தா. உன்னுதுதானே. பையில போடறதுன்னா அதையும் நீயே போட்டுடு, என்னால ஆகாது."

கார்லீன் வாங்கிக்கொண்டாள். பையில் கைக்குட்டை இருந்தது, நான்காக மடித்து.

"நாளைக்கு எங்கம்மா உக்காருவே?"

"எங்க உக்காருவேன்? அதே இடந்தான். பூட்டுற வரைக்கும்."

அவள் உள்ளே போனாள். பெஞ்சுகள் காலியாக இருந்தன. பின்வரிசையில் மடக்கு நாற்காலி விரித்தபடி நின்றது. நடையில் நடக்கும்போது, இடப்பக்கம் ஐந்து, ஒரு நிறுத்தம், வலப்பக்கம் ஐந்து என்று முதுகுக்குப் பின்னால் யாரோ விரல் நீட்டுவது தெரிந்தது. திரும்பவில்லை. அவள் எதையும் புதிதாக நம்பிவிடவும் இல்லை. இரண்டாவது பெஞ்சில், அம்மாவின் இடத்துக்கும் சுவருக்கும் நடுவில், கோட்டை மடித்து வைத்தாள். காலர் சரிந்தது. நிமிர்த்திவிட்டாள்.

வாசலில் ட்ரென்ட் நின்றுகொண்டிருந்தான், கையில் திறந்த பை. பெஞ்சைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து பையின் வாயை முடிச்சுப் போட்டான்.

வண்டி சூடாக நேரம் பிடித்தது. அதுவரை அவள் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.