விஞ்ஞானச் சோதனைக்கு முழிவியளம்

"மச்சாள், கோவிக்காதேங்கோ. பிள்ளை படலை தாண்டிப் போகுமட்டும் குசினிக்குள்ளையே நில்லுங்கோ" என்றாள் சுபத்திரா. என் கணவரின் தங்கை. கையில் விபூதித் தட்டு, குரலில் பணிவு. கண் மட்டும், நான் கதவருகே வந்துவிடுவேனோ என்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று, பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் விஞ்ஞானச் சோதனை. அவளுடைய மகள் யதுர்சிகா எழுதப் போகிறாள். நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது எதிரே வரும் முகம் நல்ல முகமாக இருக்க வேண்டும். எங்கள் நறுவிலிக்குளத்தில் அதற்கு முழிவியளம் என்று பெயர். முன்வீட்டுத் தவமலர் அக்கா, கணவன் உயிரோடிருக்கும் தகுதியில், நிறைகுடத்துடன் படலைக்கு வெளியே தயாராக நின்றாள். என் தகுதி, வயலில் பாம்பு கடித்து அவர் போன அன்றே போய்விட்டது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அதே சோதனையை நானும் எழுத வேண்டும்.

சிரிக்கலாம், ஊரே சிரித்தது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்குவது என் தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்க விஞ்ஞானத்தில் ஒரு சித்தி, அதாவது ஒரு தேர்ச்சி போதும், கடைசித் தரச் சித்தியானாலும் போதும். ஆனால் வயதெல்லை இந்த வருடத்தோடு முடிகிறது. இந்த முறையும் தவறினால் குழாய்களை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். சுபத்திராவின் வீட்டில், சுபத்திராவின் குசினியில்.

யதுர்சிகாவும் நானும் ஒரே மேசையில் படித்தோம். அவள் படித்தாள், நான் அவளுக்குப் பொழுதுபோக்காக இருந்தேன் என்பதுதான் சரி. மூலகங்களைப் பாடமாக்குவதற்காக, நெல் அவிக்கும்போது "பெரிலியம், போரன், காபன்" என்று முணுமுணுத்ததைக் கேட்ட தவமலர் அக்கா, எனக்கு ஏதோ பிடித்துவிட்டதென்று சுபத்திராவிடம் இரகசியமாகச் சொன்னாள். மாட்டின் திணிவை, விசையை அளக்கும் நியூற்றனில் எழுதியதற்கு யதுர்சிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விழுமிய வாயுக்கள் எதனோடும் சேராமல் தனித்து நிற்கும் என்ற பகுதி மட்டும் எனக்கு ஒரே வாசிப்பில் விளங்கியது. கலியாண வீடுகளில் நான் நிற்பது அப்படித்தான்.

போன வருடமும் இதே காலை, இதே குசினி. அடுப்பைப் பார்த்துக்கொண்டு சடத்துவத்தின் வரைவிலக்கணத்தைச் சொல்லிப் பார்த்தேன். ஓய்விலிருக்கும் பொருள், வெளிவிசை தாக்கும்வரை ஓய்விலேயே இருக்கும். அதற்கு உதாரணமாக நானே நின்றுகொண்டிருப்பது என் மண்டைக்கு உறைக்கவில்லை. யதுர்சிகா நிறைகுடத்தில் முழித்து நல்லபடியாகப் போனாள். இருந்த ஒரே பஸ்ஸும் அவளோடு போனது. நான் நெல் லொறியில் தொற்றி, பாலம் தாண்டி மன்னாருக்குப் போய்ச் சேர, சோதனை மண்டபத்தில் முதல் வினாத்தாளின் விடைகளை வாங்கி முடித்திருந்தார்கள்.

நான் தவறினேன். யதுர்சிகாவும் தவறினாள். கேள்விகள் கடினம் என்றார்கள். தவமலர் அக்காவின் முகத்தை யாரும் குறை சொல்லவில்லை. சொல்லவும் கூடாது, பாவம், அவள் முகம் என்ன செய்யும்? என் முகம் மட்டும் என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

இந்த வருடமும் தூரத்தில் பஸ்ஸின் கோர்ன் கேட்டது. விடியற்காலை முகம் கழுவும்போது கண்ணாடியில் நான் கண்ட முதல் முகம் என்னுடையதுதான். அந்த முகத்தில் நாளும் முழித்தும் இன்னும் உயிரோடிருக்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. பேனையையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு குசினியை விட்டு வெளியே வந்தேன்.

"மச்சாள், நான் போறன். எனக்கு இதுதான் கடைசித் தரம்."

"கொஞ்சம் பொறுத்தா என்ன? என்ர பிள்ளையின்ர வாழ்க்கையெல்லே."

"என்ர வாழ்க்கையும் அதே பஸ்ஸிலதான் போகுது."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அழுதிருப்பேன். யதுர்சிகாவுக்கு எதிரே வந்து, அவளைத் தாண்டி முன்னே நடந்தேன். தவமலர் அக்கா குடத்தோடு ஒதுங்கியதில் பாதித் தண்ணீர் அவள் சேலையில் ஊற்றிக்கொண்டது. பின்னால் சுபத்திரா பிள்ளையாரைக் கூப்பிட்டாள். பஸ்ஸில் யதுர்சிகா என் பக்கத்தில் வந்து இருந்தாள். கோபமாக இருப்பாளோ என்று நான் திரும்பவே இல்லை. பாலத்தில் ஏறி இரண்டு பக்கமும் கடல் தெரியத் தொடங்கியபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"மாமி, மாட்டின்ர திணிவு?"

"கிலோகிராம்" என்றேன்.

பெறுபேறு வந்தது. அவளுக்கு பி. எனக்கு எஸ், அதற்குக் கீழே சித்தி என்று ஒன்று இல்லை. பிள்ளையாருக்கு வைத்த நேர்த்திக்கடன்தான் மகளைக் காப்பாற்றியது என்று சுபத்திரா மோதகம் அவித்தாள். தவறியிருந்தால் காரணம் என் முகம், சித்தியடைந்ததால் காரணம் பிள்ளையார். பிள்ளையாரோடு எனக்குக் கோபமில்லை. எனக்கும் மோதகம் கிடைத்தது, சாப்பிட்டேன்.

வேலை நிரந்தரமானது. அடுத்த விஞ்ஞானச் சோதனைக்கு முதல் நாள் பின்னேரம், தவமலர் அக்கா என்னைத் தேடி வந்தாள். அவளுடைய மகனுக்கு மறுநாள் சோதனை. அங்குமிங்கும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"சிவலட்சுமி, நாளைக்குக் காலமை என்ர பெடியன் வெளிக்கிடேக்க நீ ஒருக்கா முன்னுக்கு வாறியே? யதுர்சிகாவுக்கு நல்லா வந்ததெல்லே."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருடமாகக் குசினிக்குள் ஒளித்து வைத்த முகத்தை, இப்போது குடத்துக்குப் பதிலாகக் கேட்கிறாள்.

"ஒரு தரம் செய்து பாத்துப்போட்டு முடிவெழுதக் கூடாதக்கா. எழுதினா எங்கட ஆய்வுகூடத்தில பிழையெண்டு சுழிச்சு விடுவினம்" என்றேன். "நான் காலமை வேலைக்குப் போறனான். அவன் எனக்கு முன்னுக்கு வந்தாலென்ன, பின்னுக்கு வந்தாலென்ன. படிச்சவனோ எண்டு பாருங்கோ."

தவமலர் அக்கா தலையாட்டினாள். நான் சொன்னது விளங்கிவிட்டதென்றுதான் நினைத்தேன். படலைவரை போனவள் திரும்பி நின்றாள்.

"ஓம் ஓம், நீ சொல்லுறது சரிதான். அப்ப, எத்தினை மணிக்கு வேலைக்கு வெளிக்கிடுவாய்?"