பதினோராவது விதி

பேச்சு மொழி சிகிச்சையில் முதுநிலைப் படிப்புக்கு அந்த நிறுவனம் கேட்ட தகுதிகள் மொத்தம் பத்து. இளநிலைப் பட்டம், குறைந்தது ஐம்பத்தைந்து சதவீதம், இன்டர்ன்ஷிப் சான்றிதழ், கவுன்சில் பதிவு எண், நுழைவுத் தேர்வு ரேங்க், மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட லாக் புக் என்று போகும் அந்தப் பட்டியலை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒன்பதுவரை எல்லாம் என் நீல ஃபைலில் பத்திரமாக இருந்தன. பத்தாவதுதான் வில்லங்கம். தொடக்கத்திலிருந்து முடிவுவரை நீங்களே சிகிச்சை கொடுத்த ஒருவரை நேர்முகத்துக்கு அழைத்து வர வேண்டும். தேர்வுக்குழு அவரோடு பேசிப் பார்க்கும்.

பதினோராவதாக ஒன்று உண்டு. அது காகிதத்தில் இல்லை. மற்றவர்களுக்குப் பேச்சு சொல்லிக் கொடுக்க வருகிறவளுக்குத் தன் பேச்சு ஒழுங்காக இருக்க வேண்டும். இதையெல்லாம் எழுதி வைப்பார்களா? நீச்சல் சொல்லிக் கொடுப்பவனுக்கு நீச்சல் தெரிய வேண்டும் என்று குளத்தங்கரையில் யாராவது போர்டு வைக்கிறார்களா?

எனக்குத் திக்கும். ப-வில் தொடங்கும் சொல் வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும், திறக்காது. என் பெயரோ பத்மப்ரியா. வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

கூடப் படித்தவர்கள் ஒருவருக்கும் இது தெரியாது. மேற்பார்வையாளர் ரேஷ்மி மேடத்துக்குத் தெரியாது. பெற்ற அம்மாவே, "சின்னதுல இருந்துச்சு, இப்பம் சரியாயிட்டு" என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் திருவனந்தபுரத்தில் பிறந்த புண்ணியம். வலியசாலையில் நாங்கள் பேசும் தமிழில் பாதி மலையாளம். "பிடிக்கலை" ஒட்டிக்கொண்டால் "இஷ்டமில்லை" என்பேன். "பையன்" வராவிட்டால் "செக்கன்". "போறேன்" நின்றுபோனால் "இறங்கட்டே". கேட்பவர்களுக்கு இந்த ஊர்த் தமிழச்சி பேச்சு இப்படித்தான் என்று தோன்றும். இரண்டு மொழியிலும் ப வந்தால் மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். கோபக்காரி என்று பேர் வாங்கியிருக்கிறேன். திக்குவாய்ச்சி என்று பேர் வாங்குவதற்கு அது எவ்வளவோ மேல்.

அதில் ஒரு கொடுமை உண்டு. தமிழில் பயம், மலையாளத்தில் பேடி. இரண்டும் ப. "அச்சமாக இருக்கிறது" என்று வீட்டில் சொன்னால் மேடைப் பேச்சா என்று சிரிப்பார்கள். ஆகவே, பொழுது விடிந்ததிலிருந்து பயந்துகொண்டே இருக்கும் நான் அதை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது.

ஞானசிகாமணி அண்ணாச்சி எங்கள் கிளினிக்குக்கு வந்தது போன கார்த்திகையில். சாலைக் கம்போளத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு ச வராது. கடையில் சருவம் கேட்டு ஆள் வந்தால், கண்முன்னே நாலு சருவம் தொங்கும்போதே "இல்லை" என்று தலையாட்டி அனுப்பிவிடுவார். அந்த ஒரு சொல்லைச் சொல்லப் பயந்து வியாபாரத்தையே விட்ட மனுஷர். முதல் நாள் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இளைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயிக்கும்போது லக்னப் பத்திரிகையைச் சபையில் அவரே வாசிக்க வேண்டும்.

"மூத்தவளுக்கு அவ மாமன் வாசிச்சான், மக்ளே. அப்பன் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போ, மாமன் வாசிச்சான்." இதைச் சொல்லி முடிக்க அன்று அவருக்கு நாலு நிமிஷம் ஆனது.

இதற்கான சிகிச்சை எனக்குத் தெரியாதா? பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள்தானே. பயப்படும் சொல்லை விட்டு ஓடக்கூடாது, அதையே பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே கொண்டுவர வேண்டும். முதலில் சிகிச்சை கொடுப்பவள் அவர் முன்னால் வேண்டுமென்றே திக்கிக் காட்ட வேண்டும். திக்கினால் வானம் இடிந்து விழாது என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அங்கேதான் நான் பின்வாங்கினேன். நான் வேண்டுமென்று ஒரு முறை திக்கினால், பிறகு வேண்டாமலே நூறு முறை திக்குவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேஷ்மி மேடம் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருப்பார்.

ஆகவே என் வித்தையையே அவருக்குக் கற்றுக் கொடுத்தேன். சாவி ஒட்டினால் தாக்கோல். சோறு ஒட்டினால் ஊணு. சின்னது ஒட்டினால் குஞ்ஞு. அண்ணாச்சி கெட்டிக்காரர், இரண்டே மாதத்தில் பிடித்துக்கொண்டார். லாக் புக்கில் நான் "மூச்சுப் பயிற்சி, பேச்சு வேகக் கட்டுப்பாடு" என்று எழுதினேன். தமிழும் மலையாளமும் கலந்து அவர் பொழிவதைக் கேட்ட ரேஷ்மி மேடம், வலியசாலைக்காரர் பேச்சு இதுதான் என்று நினைத்து, "நன்னாயிட்டுண்டு மோளே" என்று கையெழுத்துப் போட்டார். என் பத்தாவது தகுதி இப்படித்தான் தயாரானது.

நேர்முகத்துக்கு அண்ணாச்சி கடையை அடைத்துவிட்டு வந்தார். சலவை வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் ஒரு சம்படம் நிறைய முந்திரிக்கொத்து. வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"வியாழக்கிழம நிச்சயம், கேட்டியளா. இதுதான் பத்திரிகை."

வாங்கிப் பார்த்தேன். சுபமுகூர்த்தம், சௌபாக்கியவதி, சிரஞ்சீவி; லக்னப் பத்திரிகையில் சகட்டுமேனிக்கு ச. மகள் பெயர் ஸ்ரீலட்சுமி. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றாமல் என்ன, தோன்றியதை நினைக்காமல் இருந்தேன்.

"ஒருக்க வாசிங்க, அண்ணாச்சி."

வலியசாலை, தெரு, அவருடைய அப்பா பெயர் எல்லாம் வந்தன. சௌபாக்கியவதியில் நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது, கண் செருகியது, தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. முதல் நாள் பார்த்ததைவிட மோசம். காகிதத்தை மடியில் வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"வீட்டுலயும் இப்பிடித்தான். நீங்க கத்துத் தந்த மாதிரி வேற வார்த்தை தேடிப் பாத்தேன், மக்ளே. மத்ததுக்கெல்லாம் எதாவது கிட்டும். பெத்த பிள்ளை பேருக்கு வேற வார்த்தைக்கு எங்க போவேன்?"

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் காகிதத்தை மடித்து அவர் பையிலேயே திணித்தேன். "உள்ள அத எடுக்காதீங்க. கடைக் கதையச் சொல்லுங்க, மக விஷயம் ஒண்ணும் வேண்டாம்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டினார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் பேராசிரியர் அழகியநம்பி. அவர் வலது கையில் எண்ணும் கருவி ஒன்று இருந்தது, சின்னதாக, கட்டைவிரலால் அமுக்குவது. பேசுகிறவர் ஒரு தடவை திக்கினால் ஒரு அமுக்கு. நாற்பது வருஷப் பழக்கமாம். யார் பேசினாலும் அந்தக் கை அதுபாட்டுக்கு எண்ணும் என்று சீனியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"உங்க பேரு?"

உதடு ஒட்டியது. நுழைவுச் சீட்டை மேசைமேல் நகர்த்தி, "இதிலே இருக்கு சார், நம்பர் பதினாலு" என்று சொல்ல நினைத்தேன், பதினாலிலும் ப. "இதிலே இருக்கு சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் சீட்டைப் பார்த்துத் தலையசைத்தார். தப்பித்தேன்.

கேஸை ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்கும் முன்பே ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, ப வருவதையெல்லாம் களைந்து வைத்திருந்தேன். பிறகு அண்ணாச்சியை அழைத்தார்கள். மனுஷர் வெளுத்துக் கட்டினார். சாலைக் கம்போளத்தில் மழை வெள்ளம் புகுந்த கதை, உருளி வாங்க வந்த கல்யாண வீட்டார் கதை என்று தாவித் தாவிப் பத்து நிமிஷம். கருவி இரண்டே தடவைதான் "டிக்" என்றது. குழுவில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஸீட் என் கையில் விழுந்துவிட்டது என்று தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை.

"ரொம்ப சந்தோஷம். இனிமே எங்கயும் நின்னு பேசறதுக்கு ஒரு தடையும் இல்லையே?" என்று அழகியநம்பி கேட்டார்.

அண்ணாச்சியின் கை சட்டைப்பைக்குப் போனது. காகிதத்தை விரல் தொட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். கையைக் கீழே இறக்கிவிட்டார்.

"ஒண்ணும் இல்ல, ஐயா. எல்லாம் இந்தப் பிள்ளை குணமாக்கிட்டு."

எனக்காகச் சொன்னார். வியாழக்கிழமை சபை நடுவில் மச்சினனிடம் காகிதத்தை நீட்டப் போகிற மனுஷர், என் ஸீட்டுக்காக வாய் கூசாமல் அதைச் சொன்னார். அடிப் பாவி, உனக்கு எத்தனை பேரை விழுங்கினால் பசியடங்கும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுக் கதவுவரை போய்விட்டார்.

"சார்" என்றேன். "அவர் சொன்னது..."

பொய் என்று சொல்ல வேண்டும். ப. மலையாளத்தில் கள்ளம் தயாராக நாக்கு நுனியில் நின்றது. சட்டென்று சொல்லிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. கதவருகில் அண்ணாச்சி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷருக்கு ஓடக் கற்றுக் கொடுத்தவள் நான். இப்போதும் அவர் கண்முன்னால் ஓடினால் பிறகு எந்த முகத்தோடு பேசுவேன்?

"ப்... ப்..."

டிக்.

உதடு பசை போட்டது போல் இறுகியது. கழுத்து பின்னால் இழுத்தது. மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். டிக். இருபத்து மூன்று வருஷமாக நான் எதற்குப் பயந்து ஓடினேனோ, அது நட்டநடு வெளிச்சத்தில் எல்லார் முன்னாலும் நடந்துகொண்டிருந்தது. செத்துப்போகலாம் போலிருந்தது. டிக்.

"ப்... பொய், சார்."

சொல்லிவிட்டேன். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. எனக்குத் திக்கும் என்றேன். அண்ணாச்சிக்குச் சொல் தாவத்தான் கற்றுக் கொடுத்தேன் என்றேன். லாக் புக்கில் எழுதியது எதுவும் நடக்கவில்லை, ரேஷ்மி மேடத்துக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது, அவர்மேல் தப்பில்லை என்றேன். இடையில் எத்தனை முறை திக்கினேன் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் டிக் சத்தம் நின்றது. அழகியநம்பி கருவியை மேசைமேல் வைத்துவிட்டிருந்தார்.

அவர் என் ஃபைலை மூடினார்.

"இந்தக் கேஸ் செல்லாது. பத்தாவது தகுதி இல்லாம விண்ணப்பம் பூர்த்தியாகாது. இந்த வருஷம் உங்களை எடுக்க முடியாது. லாக் புக் விஷயமா உங்க கிளினிக்குக்குக் கடிதம் வரும்."

"சரி, சார்."

"இன்னொண்ணு. இது உங்க திக்கலுக்காக இல்ல, நோட்டுல எழுதினதுக்காக. திக்கறவங்க இங்க படிக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? எனக்குக் காட்டுங்க." அவர் விண்ணப்பத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "பத்துதான் இருக்கு. எண்ணிப் பாருங்க."

நான் எண்ணிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் அது மனப்பாடமாயிற்றே. பதினோராவதை எழுதியது நான்தான். அதற்குப் பயந்து நான் சொல்லாத பொய் ஒன்று பாக்கியில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அண்ணாச்சி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார், சம்படம் மடியில். நான் அவருக்கு அடுத்த படியில் உட்கார்ந்தேன். ரேஷ்மி மேடத்தின் முகம் நினைவுக்கு வந்தது. அம்மாவிடம் என்ன சொல்வது? வரப்போகும் கடிதத்தை நினைத்தால் கைவிரல்கள் நடுங்கின, நிறுத்த முடியவில்லை.

"வியாழனுக்கு இன்னும் மூணு நாள் இருக்கு, அண்ணாச்சி. நாளைக்குக் காலம்பற கடைக்கு வாரேன். காசு கீசு வேண்டாம். ஸ்ரீலட்சுமின்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆனாலும் ஆகட்டும். தாவக் கூடாது. சபை காத்துக்கிட்டு நிக்கட்டும்."

"நீங்க உள்ள பேசின மாதிரியா?"

"ம்."

அவர் என் கையைப் பார்த்தார். சம்படத்தைத் திறந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதுவும் சேர்ந்து நடுங்கியது.

"என்ன மக்ளே, இப்பிடி விறைக்குது? என்ன ஆச்சு உங்களுக்கு?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லிச் சொல்லிப் பழகிய சொல். வாயைத் திறந்தேன்.

"ப்..."

உதடு ஒட்டியது. அண்ணாச்சிக்கு என்ன சொல் வரப்போகிறது என்று தெரியும். ஐம்பது வருஷம் திக்கினவருக்குத் தெரியாதா? எடுத்துக் கொடுத்திருக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அவர் கொடுக்கவில்லை. சம்படத்தை மூடி வைத்துவிட்டு, எனக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து காத்திருந்தார்.

"ப்... ப்... ப... பயமா இருக்கு, அண்ணாச்சி."

"ஆமா, மக்ளே" என்றார். "எனக்கும்தான்."