பெரிய வெள்ளியும் ஒரு சாண் உயரமும்

பெரிய வெள்ளி என்று ஊரார் சொல்லும் புனித வெள்ளியன்று பிற்பகல் இரண்டேகால் மணிக்கு, கோயிலை ஒட்டிய பாலர் வகுப்பறையில் இருந்த இரும்பு பீரோ தரையைவிட்டு ஒரு சாண் எழும்பி நின்றது. உள்ளே நூற்றிருபது பாட்டுப் புத்தகங்களும் விரிசல் விட்ட வெண்கல மணி ஒன்றும் இருந்தன.

வகுப்பை நடத்தியவர் தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் வேலை பார்த்த ஒரு பெண். முந்தைய ஆண்டு வேறொருவர் ஆணியையும் ரத்தத்தையும் விலாவாரியாகச் சொன்னதில், பிள்ளைகள் ஒரு வாரம் தூக்கத்தில் அலறினார்கள். தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். இந்த முறை ஒரு பிள்ளை பயந்து அழுதாலும் வகுப்பையே மூடிவிடுவதாகப் பாதிரியார் சொல்லியிருந்தார். தபால்காரம்மா அசரவில்லை. அந்த நாளின் கதையைத் துண்டு துண்டாக்கி, அந்தந்தப் பாடு பட்டவர்களிடம் ஒப்படைத்தார். பழகிய நண்பனைத் தெரியவே தெரியாது என்று சாதித்தவன் கதையை, சொந்த அண்ணனை ஒருகாலத்தில் அப்படிச் சாதித்த தையல்காரர் சொன்னார். சொல்லி முடித்ததும், கதையில் வருவதுபோலவே அறைக்குள் சேவல் கூவியது. சேவல் எதுவும் அங்கே இல்லை. சிலுவை சுமந்த கதைக்குச் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குபவர் வந்தார். பிடரியில் காய்ப்பு ஏறித் திமில்போல் புடைத்திருந்ததால் அவருக்கு ஒட்டகம் என்று பெயர். அவருடைய ஐந்து வயது மகளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். அப்பா லாரி ஓட்டுகிறார் என்று தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தவள், அவர் நுழைந்ததும் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பெரிய வெள்ளின்னா, மத்த வெள்ளியெல்லாம் சின்னதா?” என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

ஒட்டகம் பிடரியைத் தடவிக்கொண்டார். “சுமந்த பாரம் பெருசு கண்ணு. அதனால நாளும் பெருசு. மூட்டைன்னா முதல் பத்தடி தெரியாது, அப்புறம் கழுத்துல ஏறி உக்காந்துக்கும். எனக்காவது அது வேலை. அவரு ஒரு தப்பும் பண்ணல. மத்தவங்க தப்பையெல்லாம் தூக்கி அவரு தோள்ல வெச்சுட்டாங்க. வழியில விழுந்துட்டாரு. அந்தப் பக்கமா வந்த ஒருத்தரைப் புடிச்சு, நீ தூக்குடான்னாங்க. அந்தாளுக்கு இஷ்டமில்ல. ஆனாலும் தோள் குடுத்தாரு.”

“தோள் குடுத்தவரு காப்பாத்திட்டாரா?”

“இல்ல. காப்பாத்த முடியல. கூடப் போனாரு. மூணாம் நாள் என்ன ஆச்சுன்னு ஞாயித்துக்கிழமை டீச்சர் சொல்லுவாங்க. இன்னைக்குச் சுமக்கறதோட நிறுத்திக்குவோம்.”

யாரும் அழவில்லை. கடைசி வரிசையிலிருந்து மகள் எழுந்தாள். அந்த அறையில் இருந்ததிலேயே கனமானது எது என்று சுற்றிப் பார்த்து, நேரே போய் பீரோவில் தோளை வைத்தாள். மற்ற பத்தொன்பது பேரும் பின்னாலேயே போனார்கள். தடுக்க எழுந்த தபால்காரம்மாவை ஒட்டகம் கையமர்த்தினார். “முதுகை வளைக்காதீங்க. காலை ஊணி எந்திரிங்க” என்றார். எழுந்தார்கள். பீரோவும் எழுந்தது.

சத்தமில்லாததைக் கண்டு சந்தேகப்பட்டு வந்த பாதிரியார் வாசலிலேயே நின்றார். “இறக்கும்போது விரல் பத்திரம்” என்றார்.

“எங்கப்பா மூட்டை தூக்குறவரு, ஃபாதர்” என்றாள் மகள், மூச்சு வாங்கியபடி. “அவருதான் சொல்லிக் குடுத்தாரு.”

பல வருடங்களாகத் தெரிந்த அந்தச் செய்தியைப் பாதிரியார் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார். ஒட்டகம் ஜன்னல் பக்கம் திரும்பி, துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்தார். அன்று கோயிலில் அவர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். மடியில் மகள், பின்னால் திரும்பித் திரும்பி, யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருந்தாள்.

வகுப்பு மூடப்படவில்லை. இருபத்தாறு வருடங்களாக ஒவ்வொரு புனித வெள்ளியும் பாலர் வகுப்பார் தோள் கொடுக்கிறார்கள், பீரோ எழும்புகிறது. ஏழு வயதாகிவிட்டால் முடிவதில்லை. கோயிலைக் கூட்டும் அம்மா இரண்டு மணிக்கெல்லாம் துடைப்பத்தோடு வாசலில் வந்து நின்றுவிடுவார். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் பீரோவுக்கு அடியில் பெருக்க முடிகிறது.